டிரிப்பர் விழுந்த ஏழு வாரங்கள்

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றபோது இரண்டு விஷயங்கள் மட்டும் அவர் வாயில் மிச்சம் இருந்தன. ஒன்று செபமாலை. இன்னொன்று வசவு. தண்ணீர் வேண்டும் என்று கேட்க வராது. என் பெயர் வராது. ஆனால் சாயங்காலம் நான் செபமாலையைக் கையில் எடுத்துத் தொடங்கினால், மறுபாதியை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லி முடிப்பார். கோபம் வந்தால் ‘சவத்து மூதி’ என்பது மணி அடித்த மாதிரி வரும். டாக்டரிடம் கேட்டேன். பழகிப் பழகித் தானாக வருகிற பேச்சு மூளையில் ஓர் இடத்தில் இருக்கும், யோசித்துச் சொல்கிற பேச்சு இன்னோர் இடத்தில் இருக்கும், இவருக்கு அந்த இரண்டாவது இடம்தான் அடிபட்டிருக்கிறது என்றார். அப்படியானால் இருபத்தாறு வருடமாக என்னோடு பேசியதெல்லாம் யோசித்துத்தான் பேசினாரா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் ஆச்சரியப்பட்டேன். சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்தது.

அவர் வெல்டர். பத்து வருடம் கல்ஃபில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எல்லாரும் அங்கிருந்து கம்பளியும் சென்டும் டார்ச்சும் கொண்டுவந்தபோது, இவர் ஒரு வெல்டிங் மிஷினை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் தன்னுடைய உடுப்புகளைத் திணித்து, மேலே கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார். சின்ன சூட்கேஸ் அளவுதான் இருக்கும். தோளில் மாட்ட வார் உண்டு. இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டோடு சேர்த்து ஒரு தகரக் கூரை இறக்கிப் பட்டறை ஆக்கினார். கேட், ஜன்னல் கம்பி, கோழிக்கூடு, வள்ளத்துக்கான இரும்புச் சட்டம் என்று எது வந்தாலும் அந்த மிஷின்தான் ஒட்டியது. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், போடாவிட்டால் எரியாது, அவ்வளவுதான் மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது.

கிரைண்டரைக் கையில் பிடித்தபடியே பட்டறையில் விழுந்தார். நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் கிடந்தார். நடுவில் ஒரு நாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பட்டறை திறந்தபடி கிடந்தது. மிஷின் மேல் உப்புக்காற்றின் பிசுக்கு. கடல் எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. சைக்கிள் செயின் ஒரு மாதத்தில் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும்.

நான் முட்டத்துக்காரி. எங்கள் அப்பாவுக்கு வள்ளமும் எஞ்சினும் இருந்தன. கடலிலிருந்து ஏறி வந்தால் அப்பா தன் கால் கழுவுவதற்கு முன்னால் எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, தேங்காயெண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து ஒவ்வொரு இடுக்கிலும் தடவுவார். தடவாமல் விட்டால் காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பது எங்கள் கரையில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. அவருடைய திருப்புளியை எடுத்து மிஷினின் மேல்மூடியைக் கழற்றினேன். ஆறு திருகாணி. உள்ளே பச்சைப் பலகைகள், செம்புச் சுருள்கள், ஒரு சின்ன ஃபேன், எல்லாவற்றின் மேலும் கறுப்புத் தூசி. அடுக்களையிலிருந்து தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் எடுத்துக் கலக்கி, பெயின்ட் பிரஷால் ஓர் இடம் விடாமல் தடவினேன். தூசி அடங்கி உள்ளே எல்லாம் பளபளவென்று ஆனது. மூடியைப் போட்டு முறுக்கி, பழைய சேலையில் சுற்றி, அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். ஆஸ்பத்திரியில் அவருக்கு ஊசி போட ஆள் இருந்தது, மூச்சு பார்க்க ஆள் இருந்தது. எனக்குத்தான் செய்ய ஒன்றும் இல்லாமல் இருந்தது. இதையாவது செய்தோமே என்று நிம்மதியாகப் பஸ் ஏறினேன்.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வாரத்தில் மூன்று நாள் வந்தாள். நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நானும் வீட்டோடு இருந்தேன். நான்காவது வாரம் அவள் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

“டீச்சர், சாருக்கு வலது காலுல உயிரு கொஞ்சம் இருக்கு. ரெண்டு பக்கமும் பிடிச்சு நடக்க கம்பி செஞ்சு வையுங்க. ரெண்டுபேரு தாங்கி நடத்துனா அவங்க நம்ம மேல சாஞ்சிருவாங்க, கால ஊணவே மாட்டாங்க. மொத மூணு மாசத்துல வாறதுதான் டீச்சர் வேகமா வரும். பெறகு ரொம்ப மெதுவாத்தான்.”

இடுப்பு உயரத்தில் இரண்டு நீளக் குழாய், நடுவில் ஆள் நடக்க இடம், கீழே கால்கள். அவ்வளவுதான். பட்டறையிலேயே பன்னிரண்டு அடிக் குழாய்கள் கிடந்தன. வெல்டர் வீட்டில் இதற்கா பஞ்சம் என்று நினைத்தேன். அடுத்த ஊரில் இவருக்குத் தம்பி மாதிரிப் பழகிய ஒரு வெல்டர் இருக்கிறார். போன் செய்தவுடன் அவருடைய மிஷினை பைக்கில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பட்டறையில் நாற்காலி போட்டு இவரை உட்காரவைத்திருந்தேன். வந்தவர் மிஷினை இறக்கி வைத்ததுதான் தாமதம், இவர் முகம் சிவந்தது. ‘சவத்து மூதி’ என்றார். கையில் இருந்த காப்பி டம்ளரை இடது கையால் வீசினார். அது தூணில் பட்டு உருண்டது. கழுத்து நரம்பு புடைத்து நின்றது. பிரஷர் ஏறவே கூடாது, ஏறினால் மறுபடியும் வரும் என்று டாக்டர் தலைப்பாடாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

வந்த மனிதர் கோபிக்கவில்லை. டம்ளரை எடுத்து என் கையில் தந்துவிட்டு, “அண்ணனுக்க மிஷின் இஞ்ச இருக்கும்போ நான் எனக்க மிஷின தூக்கிட்டு வந்தது தப்புதானே டீச்சர். அண்ணனுக்க மிஷின்லயே அடிப்போம்” என்றார்.

சேலைச் சுற்றை அவிழ்த்து மிஷினைக் கொண்டுவந்து வைத்தேன். “சுத்தமாத் துடைச்சுத்தான் வச்சிருக்கேன்” என்று பெருமையாகச் சொன்னேன். “நல்ல காரியம்” என்றார் அவர். சுவிட்சைப் போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. அதைப் பக்கத்தில் ஓடவிட்டபடியே அவர் கிரைண்டரில் குழாய்களை அளவுக்கு அறுத்தார். பொறி பறந்தது. இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றரை மாதமாக நான் அந்த முகத்தில் பார்க்காத ஓர் உயிர்ப்பு. வெல்டிங் ராடைக் குழாயில் தொட்டதும் நீல வெளிச்சம் வந்தது. ஓர் இடத்தில் ஒட்டினார். அடுத்த இடத்தில் தொட்டார். டப்பென்று ஒரு சத்தம். வீட்டுக்குள் ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, அடுக்களை விளக்கு அணைந்தது. மீட்டர் பலகையில், கோளாறு என்றால் தானாகக் கரண்டை நிறுத்துகிற டிரிப்பர் விழுந்துவிட்டது.

தூக்கி விட்டோம். மறுபடியும் விழுந்தது. ராடை ஹோல்டரில் மாட்டாமலேயே போட்டோம், அப்போதும் விழுந்தது. வயரை உதறினார், பிளக்கைப் பிரித்துப் பார்த்தார், கேபிளை விரல் விரலாகத் தடவிப் பார்த்தார். எங்கேயும் ஒரு கீறல்கூட இல்லை.

நாற்காலியிலிருந்து இவர் என்னைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. சொல் இல்லாத சத்தம். இடது கையைத் தூக்கித் தன் தலையில் வைத்து முடியைத் தேய்த்தார். பிறகு என்னைக் காட்டினார். பிறகு மிஷினைக் காட்டினார். மறுபடியும் முடியைத் தேய்த்தார். தகரக் கூரைச் சூட்டில் உட்கார்ந்து தலை காய்கிறதுபோல என்று நினைத்தேன். உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் எடுத்துவந்து அவர் உச்சந்தலையில் வைத்து நன்றாகத் தேய்த்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். ‘சவத்து மூதி’ என்று மெதுவாகச் சொன்னார். மிஷினைத் திட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.

எலக்ட்ரீஷியன் வந்தார். டிரிப்பர் வீக்காகிவிட்டது என்று புதுசு மாட்டினார். புதுசு பழையதைவிடச் சுறுசுறுப்பாக விழுந்தது. வீட்டு வயரிங் முழுக்க ஒரு நாள் பார்த்தார். “வீட்டு லைன்ல ஒரு குத்தமும் கெடயாது டீச்சர், மிஷின்தான்” என்றார். மிஷினை மடியில் வைத்து ஆட்டோவில் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனேன். அங்கே இந்த மாதிரி மிஷின்களைச் சரிபார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே கடை. நான் போனது நண்பகல். மிஷினை அவர் மேசையில் வைத்து பிளக்கைச் சொருகி ஒரு இரும்புத் துண்டில் அரை மணி நேரம் ஒட்டினார். ஒரு தடவைகூட நிற்கவில்லை. “மிஷின் கொள்ளாம் டீச்சர். ஓடுத மிஷின எதுக்கு திறக்கணும்? வீட்டு லைனப் பாருங்க” என்றார்.

திரும்பிக் கொண்டுவந்து வீட்டில் போட்டேன். டப்.

இரண்டுபேருக்கும் நடுவில் நான். ஒருவர் வீட்டைச் சொல்கிறார், ஒருவர் மிஷினைச் சொல்கிறார். இருவரையும் ஒன்றாக நிறுத்திச் சண்டை போடவிட்டால் என்ன என்றுகூட யோசித்தேன். எலக்ட்ரீஷியன் கடைசியாக, எர்த் குழி வறண்டு போயிருக்கும், உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள் என்றார். மூன்று பாக்கெட் கல்லுப்பு வாங்கிக் குழியில் கொட்டி, காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினேன். உப்புக்குப் பயந்து எண்ணெய் தடவியவள், அதே கையால் மண்ணுக்கு உப்பு ஊட்டினேன். குழிக்குப் பக்கத்தில் நின்ற கறிவேப்பிலைச் செடி பட்டுப்போனதுதான் மிச்சம்.

இவரிடமே கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். மிஷினின் சங்கதி அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்திலிருந்து சிலேட்டும் சாக்பீஸும் கொண்டுவந்து இடது கையில் கொடுத்தேன். ஒரு வட்டம் போட்டார். அதன் மேல் இன்னொரு வட்டம். அதன் மேல் இன்னொன்று. எழுத்து வரவில்லை. எத்தனையோ பிள்ளைகளுக்குக் கைபிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். அவர் கையைப் பிடித்து ‘அ’ எழுதிக் காட்டினேன். என் கையை விட்டதும் மறுபடியும் வட்டம். ஆமா இல்லை என்றாவது சொல்லட்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஹோல்டரா? தலையாட்டினார். பிளக்கா? அதற்கும் ஆட்டினார். கேபிளா? அதற்கும். அவர் ஆமா என்கிறாரா இல்லை என்கிறாரா என்று அந்த மாதங்களில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பிறகு அவருடைய கை தலைக்குப் போனது. முடியைத் தேய்த்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“செபமாலை வருது. சவத்து மூதி வருது. மிஷினுக்கு என்ன கோளாறுன்னு மட்டும் வாயில வராதா? எப்பப் பாத்தாலும் தலைக்கு எண்ணெய்! நான் என்ன, உங்களுக்கு எண்ணெய் தேய்ச்சு விடவா பெறந்தேன்?”

அவர் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். என்னையே பார்த்தார். அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வாய் இல்லாத மனிதரிடம் வாய் நீட்டினேனே என்று வெட்கமாக இருந்தது. முகம் கழுவிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, கேட்டதைச் செய்கிறேன் என்று தலைக்குத் தேய்த்துவிட்டேன். குனிந்து கொடுத்தார்.

நாள் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கணக்கெடுப்பது. வருகைப் பதிவேடு மாதிரி ஒரு நோட்டில் கோடு போட்டு, எத்தனை மணிக்குப் போட்டோம், எத்தனை மணிக்கு விழுந்தது என்று எழுத ஆரம்பித்தேன். ஒரு வாரம் எழுதியதும் ஒன்று தெரிந்தது. காலையில் போட்டவுடன் விழுகிறது. சாயங்காலமும் அப்படித்தான். வெயில் உச்சியில் ஏறுகிற நேரத்தில் மட்டும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் தாங்குகிறது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வெல்டர் தன் வேலையை விட்டுவிட்டு நண்பகலில் ஓடிவருவார். ஐந்து நிமிடத்தில் ஓர் இடம் ஒட்டுவார், டிரிப்பர் விழும், போவார். இப்படியே நான்கு நாளில் இரண்டு கால்கள் நின்றன. இவரும் தினமும் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார். பிசியோ பெண் வந்தால் முதலில் பட்டறையைத்தான் எட்டிப் பார்ப்பாள். கட்டிலின் தலைமாட்டைப் பிடிக்கவைத்து நிற்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவாள்.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்தது. வெயிலும் இல்லை, உச்சியும் இல்லை. எந்த நேரம் போட்டாலும் டப். இரண்டு காலோடு நின்ற அந்தச் சட்டத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கர்த்தரிடமும் சண்டை போட்டேன். அவரும் டிரிப்பர் மாதிரி ஆகிவிட்டார், நான் கேட்கத் தொடங்கியவுடன் விழுந்துவிடுகிறார் என்று தோன்றியது. செபமாலை சொல்லும்போது இவர் குரல் மட்டும் கணீரென்று வரும். என் குரல் நடுவில் நின்றுவிடும்.

ஆறாவது வாரத்தில் அந்த வெல்டருக்கு ஒரு யோசனை வந்தது. பக்கத்து வீடு பழைய வீடு. அங்கே டிரிப்பர் கிடையாது, பியூஸ் கேரியர்தான். அங்கிருந்து நீள வயர் போட்டு மதில் மேலாக இழுத்தால் என்ன? நான் சரி என்றேன். இவர் நாற்காலிக் கையைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், “கொஞ்சம் சும்மா இருங்க” என்று சொன்னேன். ஆறு வாரம் போய்விட்டது. பிசியோ சொன்ன மூன்று மாதத்தில் மிச்சம் சொற்ப நாள்தான். என் புத்தியில் அது மட்டும்தான் இருந்தது.

மிஷின் ஓடியது. விழ டிரிப்பரே இல்லாதபோது எது விழும்? “பாத்தியளா டீச்சர், ஓடுது!” என்றார் வெல்டர். மூன்றாவது கால் நின்றது. நான்காவது காலில் பாதி ஒட்டியிருப்பார். பப்படம் பொரிக்கிற மணம் வந்தது. பக்கத்து வீட்டில் பொரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிற்பகல் மூன்றரை மணிக்கு யார் பப்படம் பொரிப்பார்கள் என்று அடுத்த நிமிடம் தோன்றியது. மிஷினின் பக்கவாட்டுத் துளைகளில் வெள்ளைப் புகை எட்டிப் பார்த்தது. பட் என்று ஒரு சத்தம். பச்சை விளக்கு அணைந்தது, ஃபேன் நின்றது. வெல்டர் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார்.

தேங்காயெண்ணெய் காய்ந்தால் வருகிற மணம். இருபத்தாறு வருடமாக என் அடுக்களையில் வருகிற மணம்.

இவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மிஷினைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை மெதுவாக எழுந்து தலைக்குப் போனது. எண்ணெய் வழிகிற அந்த முடியை ஒரு தடவை தொட்டது. பிறகு என்னைக் காட்டியது. பிறகு மிஷினைக் காட்டியது. முதல் நாளிலிருந்து அவர் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டிலில் படுத்த அன்றைக்கே, பக்கத்தில் சேலை சுற்றி வைத்திருந்த மிஷினிலிருந்து அந்த மணம் அவர் மூக்குக்கு ஏறியிருக்கும். அவர் சொல்லச் சொல்ல நான் அவர் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மழையில் ஆட்டோ பிடித்து நாகர்கோவிலுக்கு ஓடினேன். மெக்கானிக் இந்தத் தடவை மூடியைக் கழற்றினார். நான் பளபளவென்று வைத்துவிட்டு வந்த இடமெல்லாம் கறுத்த களிம்பு பூசிக் கிடந்தது. விரலால் வழித்து மூக்கருகே கொண்டுபோனார்.

“இது யாருக்க வேலை?”

சொன்னேன். அப்பாவின் எஞ்சினையும் சேர்த்துச் சொன்னேன். கடைவாசலில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“வள்ளத்து எஞ்சின் வேற, இது வேற டீச்சர். கிரைண்டர் போடும்போ பறக்குத இரும்புப்பொடிய இந்த ஃபேன் உள்ள இழுக்கும். காஞ்சு கெடந்தா ஒண்ணும் செய்யாது, ஊதுனா போயிரும். எண்ணெய் இருந்தா அப்படியே ஒட்டிப் பிடிக்கும். பெறகு அந்த அழுக்கு வழியாட்டே கரண்டு பாடிக்குப் போவும். ஈரக்காத்து பட்டா இன்னும் சுகமா போவும். டிரிப்பர் அதத்தான் உங்களுக்குச் சொல்லிட்டே கெடந்திருக்கு.” விரலைத் துணியில் துடைத்துவிட்டு, “எனக்க கடையில டிரிப்பர் கெடயாது. அதனால இஞ்ச ஓடிச்சு. நானும் அண்ணைக்கே திறந்து பாத்திருக்கணும்” என்றார்.

பலகைகளைக் கழற்றித் தின்னரில் கழுவினார். பிரஷ் வைத்துத் தேய்த்து, வெயில் இல்லாததால் பல்பு வெளிச்சத்தில் காயவைத்தார். வெடித்துப்போன பாகத்தை எடுத்துவிட்டு வேறு வைத்தார். ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் வீட்டில் நான் இவர் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. சோறு ஊட்டும்போது கையைப் பார்த்து ஊட்டினேன். ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

“மொதல்லயே உங்களுக்குத் தெரியுமா?”

தலையாட்டினார். எதற்கும் தலையாட்டுகிற மனிதர்தான். ஆனாலும் அந்தத் தலையாட்டலை நான் நம்பினேன். தலைக்கு எண்ணெய் வைக்கிற கிண்ணத்தை அன்றைக்கு எடுத்து மச்சில் போட்டேன்.

மிஷின் வந்தது. எங்கள் வீட்டு லைனிலேயே, எங்கள் டிரிப்பரிலேயே, கொட்டுகிற மழையில் ஒரு மணி நேரம் ஓடியது. ஏழு வாரம் இழுத்த வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. வெல்டர் முகமூடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்தார். கால்களுக்கு மட்டும் பெயின்ட் அடித்தோம். கைபிடிக்கிற குழாய்களுக்கு அடிக்க வேண்டாம், வேர்த்த கை வழுக்கும் என்று பிசியோ பெண் சொல்லிவிட்டாள். அவள் சொன்ன மூன்று மாதம் முடிந்து அன்றைக்கு நான்கு நாள்.

இவரை இரண்டு கம்பிக்கும் நடுவில், ஒரு முனையில் கொண்டுபோய் நிறுத்தினோம். இடது கையால் கம்பியைப் பிடித்தார். வலது கையை நான் தூக்கி மற்றக் கம்பியில் வைத்தேன். அது நழுவித் தொங்கியது. அவர் முதலில் செய்த காரியம் நடப்பதல்ல. இடது பெருவிரலால் பக்கத்தில் இருந்த ஓர் ஒட்டைத் தடவிப் பார்த்தார். அதில் ஒரு சின்னத் துளை விழுந்திருந்தது. வெல்டரைப் பார்த்து, ‘சவத்து மூதி’ என்றார். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏழு வாரத்தில் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. பிறகு இவர் இடது காலை எடுத்து வைத்தார். வலது கால் அதோடு வரவில்லை. இடுப்பை வளைத்து இழுத்துப் பார்த்தார். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது போல அசையாமல் நின்றது. முகமெல்லாம் வேர்த்தது. நாற்காலியைக் கொண்டுவந்து பின்னால் போட்டோம்.

பிசியோ பெண்ணை வாசல் கேட்டுக்கு வெளியே வைத்துப் பிடித்துக்கொண்டேன். ஏழு வாரத்துக்கு முன்னால் கம்பி நின்றிருந்தால் நடந்திருப்பாரா என்று கேட்டேன். அவள் ஸ்கூட்டி சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றாள்.

“அப்படிச் சொல்ல முடியாது டீச்சர். சிலபேருக்கு என்ன செஞ்சாலும் இவ்வளவுதான் வரும். சிலபேருக்கு வரும். அதுக்கு யாரும் உறுதி சொல்ல மாட்டாங்க.”

நல்ல பிள்ளை. பொய்யும் சொல்லவில்லை, என்னைக் கொல்லவும் இல்லை. நடந்திருப்பார், நீதான் கெடுத்தாய் என்று சொல்லியிருந்தால் ஒரு மூச்சு அழுதுவிட்டு இருந்திருப்பேன். நடந்திருக்க மாட்டார் என்று சொல்லியிருந்தால் தூங்கியிருப்பேன். இப்போது இரண்டும் இல்லை. மிஷினில் இருந்த கோளாறையாவது ஆறு திருகாணியைக் கழற்றிப் பார்க்க முடிந்தது. இதை எங்கே கழற்றிப் பார்ப்பது?

இதெல்லாம் நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டேன். பகலில் ஓர் அம்மாள் வந்து பார்த்துக்கொள்கிறார். சாயங்காலம் நான் வந்ததும் இவரைக் கம்பிக்குக் கூட்டிப்போவேன். தினமும் நிற்கிறார். இடது காலை முன்னால் வைத்து, வலது காலை இழுக்கப் பார்த்து, பிறகு இடது காலைப் பின்னால் எடுத்துக்கொள்கிறார். நான் பக்கத்தில் நின்று எண்ணுவேன். முதலில் பத்து எண்ணுவதற்குள் உட்கார்ந்துவிடுவார். இப்போது நூறு வரைக்கும் நிற்கிறார். நூறு முடிந்ததும் என் முகத்தைப் பார்ப்பார், போதுமா என்பது போல. போதும் என்பேன்.

போன வாரம் கம்பியைப் பார்த்தேன். பெயின்ட் அடிக்காத குழாய், மழைச் சாரலும் உப்புக்காற்றும் பட்டு நீளத்துக்கும் துரு ஏறியிருந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. இரத்தத்தில் ஊறியது அது. என்னை அறியாமல் உள்ளே போய்ப் பழைய துணியில் எண்ணெய் நனைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கம்பியில் வைக்கப் போகும்போது இவருடைய இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நல்ல பிடி. ‘சவத்து மூதி’ என்றார். இந்தத் தடவை யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே துணியைக் கீழே போட்டேன். அப்புறம்தான் கவனித்தேன். பன்னிரண்டு அடிக் கம்பியில் துரு ஏறாத இடம் ஒன்று இருந்தது. அவர் தினமும் பிடித்துப் பிடித்து வெள்ளி மாதிரி தேய்ந்த இடம். சாண் வைத்து அளந்தேன். தொடக்கத்திலிருந்து மூன்று சாண் இருந்தது. அதற்குப் பிறகு கடைசிவரைக்கும் துருதான்.